பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே மாசாயிலோ, வடமேற்கே ஸ்கூடாயிலோ ஒரு கல்யாண விருந்து என்று வைத்துக்கொள்வோம். வட்ட மேசை, சுற்றிப் பத்து நாற்காலி. அழைத்தவர் வாசலில் கை கூப்பிவிட்டு அடுத்த விருந்தாளியை வரவேற்கப் போய்விட்டார். மேசையில் ஏற்கெனவே ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் தெரிந்தவர் இல்லை. விரல் கைப்பேசியைத் தேடுகிறது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிக் கேட்கிறார்: "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" தமிழ்க் கல்யாணங்களில் இதைவிடத் தேய்ந்த கேள்வி கிடையாது. புதியவர்களிடம் பேச்சைத் தொடங்கக் கற்றுத்தரும் புத்தகங்கள் இப்படிப்பட்ட கேள்விகளை விட்டுவிட்டுப் புதுமையாக, எதிராளி வியக்கும்படி ஏதாவது கேட்கச் சொல்கின்றன. மனிதர்கள் பேசிக்கொள்வதை அளந்து பார்த்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. முதல் கேள்வி தேய்ந்துபோனதாக இருப்பதே அதன் பலம். புதியவர்களோடு நம் பேச்சு படுத்துவிடுவது முதல் கேள்வியில் அன்று, இரண்டாவது கேள்வியில்.

முதலில் அந்தப் பலம் எது என்று பார்க்கலாம். பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் பாப்புவா நியூ கினியை அடுத்த டிரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து அந்த மக்களின் பேச்சைக் கவனித்தவர். 1923-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், தகவல் சொல்வதற்காக இல்லாமல் உறவு வைத்துக்கொள்வதற்காகவே மனிதர்கள் பல நேரங்களில் சொற்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பவருக்கு அந்த ஊரின் பெயர் தேவையில்லை. எதிரே நிற்கும் அந்நியன் வாய் திறக்காமல் இருந்தால் மனித மனம் அஞ்சுகிறது. ஏதாவது ஒரு சொல் விழுந்ததும் அந்த அச்சம் தணிகிறது. மலேசியத் தமிழர் காலையில் கேட்கும் "பசியாறியாச்சா?" இந்த வகை. மலாய்க்காரர் கேட்கும் "சுடா மாக்கான்?" என்பதும், சீன முதியவர்கள் ஹொக்கியனிலும் தியோச்சூவிலும் கேட்கும் சாப்பாட்டுக் கேள்வியும் இதே வகைதான். இல்லை என்று பதில் வந்தால் சோறு போடுவார்களா என்று யாரும் யோசிப்பதில்லை. "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" இவற்றைவிட ஒரு படி மேல். அந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அதற்குப் பதில் உண்டு. தவறான பதில் என்று ஒன்று இல்லை. பதில் சொல்பவர் தன் படிப்பையோ வருமானத்தையோ வெளியே வைக்க வேண்டியதில்லை. கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே காரணத்துக்காக அங்கே வந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஐந்து நொடியில் இருவரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

ஜொகூர்த் தமிழரிடம் இதற்கு ஈடான இன்னொரு கேள்வி நெடுங்காலம் இருந்தது: "நீங்க எந்தத் தோட்டம்?" இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி என்று மாநிலம் முழுக்கப் பரவியபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். அப்படி ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறைக்குத் தமிழ்நாட்டு ஊரின் பெயர் தாத்தாவின் நினைவாகவே இருந்தது. தன் ஊர் என்பது தோட்டம்தான். லம்பாக், நியோர், ரெம், ரினி, தெப்ராவ் என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால் அதனோடு பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, வரிசையாக நிற்கும் லயத்து வீடுகள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை எல்லாம் சேர்ந்து வரும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் நட்பைத் தாங்கும் ஏழு தூண்கள் என்று சிலவற்றை வரிசைப்படுத்துகிறார்: பேசும் மொழி, வளர்ந்த இடம், கல்வி, பொழுதுபோக்கு, உலகத்தைப் பார்க்கும் பார்வை, நகைச்சுவை, இசை ரசனை. இருவருக்கு இவற்றில் எத்தனை பொதுவாக அமைகின்றனவோ அத்தனைக்கு நட்பு உறுதிப்படும் என்பது அவர் கண்டது. தோட்டத்தின் பெயர் ஒரே சொல்லில் இவற்றில் மூன்று நான்கைத் தொட்டுவிடும். அறிவியல் பிற்பாடு பெயர் சூட்டிய ஒன்றைத் தோட்டத்து மக்கள் பழக்கத்தாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கேள்வியின் காலடி நிலம் இப்போது மாறிவிட்டது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதன் பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞருக்குக் கடைத்தொகுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஸ்கூடாய்ப் பக்கம் முத்தியாரா ரினி என்பது ஒரு தாமான். அவற்றின் பெயருக்குள் ஒரு தோட்டம் இருந்ததைத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகைதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டால் "அப்பாவைத்தான் கேக்கணும்" என்பார். அந்த இடத்தில் இப்போது "என்ன வேலை?", "எங்க இருக்கீங்க?" என்ற கேள்விகள் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல தொடக்கக் கேள்வி தொலைந்துபோனதால்தான் விருந்துகளில் பேச்சு வளரவில்லை என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் பாதிதான் சரி. தோட்டக் கேள்வி வேலை செய்தது கேள்வியின் அழகால் மட்டும் இல்லை; பதில் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்க இருவருக்கும் தெரிந்திருந்தது. "நியோரா? அங்க கோயிலுக்குப் பின்னால ஒரு கிணறு இருந்துச்சே, இன்னும் இருக்கா?" என்று கேட்க முடிந்தது. உரையாடலைத் தொடங்கிவைத்தது அந்தக் கிணறு.

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நம் கல்யாண மேசையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் அறுபது வயது அம்மாவிடம் கேட்கிறார்: "ஆண்ட்டி, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" அவர் சொல்கிறார்: "பொண்ணு வீடுப்பா. பொண்ணோட அம்மாவும் நானும் ஒண்ணா பால் வெட்டுனவங்க, லாயாங் லாயாங் பக்கம்." இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை: "ஓ... இப்ப எங்க ஆண்ட்டி இருக்கீங்க?" "கூலாய்." "பிள்ளைங்க எத்தன பேரு?" "மூணு." அவ்வளவுதான், இருவரும் மேடையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இன்னொரு பாதை: "பால் வெட்டுனீங்களா? அதுக்கு எத்தன மணிக்கு எழும்பணும்?" "நாலரைக்கெல்லாம் எழும்பணும்பா. விடியறதுக்குள்ள பெரட்டுக்கு நிக்கணும், அப்புறம் நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு நெரைக்குப் போகணும்." "மழ பேஞ்சா?" "மழ பேஞ்சா வேல இல்ல. பட்டை நனைஞ்சிருந்தா பால் கோட்டுல ஓடாம வெளிய வழிஞ்சிடும். பொண்ணோட அம்மாவுக்குப் பக்கத்து நெரை. அவ மொத மொதல்ல கத்தியப் புடிச்சப்ப..." என்று கதை மணப்பெண்ணின் அம்மா பதினெட்டு வயதில் இருந்த இடத்துக்குப் போய்விடுகிறது. (பெரட்டு என்பது வேலைக்குமுன் ஆள் எண்ணும் இடம், நெரை என்பது ஒருவர் பால் வெட்டும் மர வரிசை. விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு: குளிர்ந்த நேரத்தில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரம் நீரை ஆவியாக விடத் தொடங்கி அழுத்தம் குறைந்துவிடும்.) முதல் கேள்வி இரண்டு பாதையிலும் ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் பாதையில் கேட்டவர் நாகரிகக் குறைவாக எதுவும் செய்யவில்லை. அந்த அம்மா மேசைமேல் எடுத்து வைத்த ஒரு பொருளைத் தொடாமல் விட்டுவிட்டார்.

2017-இல் கேரன் ஹுவாங், அலிசன் வுட் புரூக்ஸ் முதலானோர் ஹார்வர்டிலிருந்து வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு பாதைகளைத்தான் எண்ணிப் பார்த்தது. முன்பின் தெரியாத இருவரைக் கணினி வழியே பதினைந்து நிமிடம் பேச வைத்தார்கள். சிலரிடம் ஒன்பது கேள்விகளுக்குக் குறையாமல் கேட்கச் சொன்னார்கள். சிலரிடம் நான்குக்கு மேல் கேட்க வேண்டாம் என்றார்கள். நிறையக் கேட்டவர்களை எதிராளிகளுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அடுத்து எந்த வகைக் கேள்வி அந்த வேலையைச் செய்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். வணக்கம் சொல்லும் அறிமுகக் கேள்வி, "நான் நல்லா இருக்கேன், நீங்க?" என்று திருப்பிப்போடும் கேள்வி, பேசிய பொருளை விட்டு வேறொன்றுக்குத் தாவும் கேள்வி, சொன்ன பதிலுக்குள்ளிருந்து பிறக்கும் தொடர்கேள்வி என்று வகைகள் பல. பிடித்துப்போவதற்கும் தொடர்கேள்விக்கும்தான் உறுதியான உறவு தெரிந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துணை மாற்றிப் பேசும் அறிமுகச் சந்திப்புகளின் பதிவுகளிலும், தொடர்கேள்வி கூடுதலாகக் கேட்டவர்களையே மறுபடி சந்திக்கப் பலர் சம்மதித்திருந்தார்கள். கேள்வி கேட்டால் இவ்வளவு பிடிக்கும் என்று பேசியவர்கள் முன்கூட்டி நினைக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. நம்மில் பலர் புதியவரைக் கவர வேண்டும் என்றால் தன்னைப்பற்றி நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதும் அந்த அறியாமையால்தான்.

ஏன் பிடிக்கிறது? ஒரு விடை மூளைக்குள் இருக்கிறது. டயானா தமிர், ஜேசன் மிச்சல் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப்பற்றிச் சொல்லும்போது மனித மூளையில் உணவுக்கும் பணத்துக்கும் மகிழும் பகுதிகளே துடிப்படைவதைக் கண்டார்கள்; தன்னைப்பற்றிப் பேசுவதற்காகக் கொஞ்சம் பணத்தை விட்டுக்கொடுக்கவும் மனிதர்கள் தயாராக இருந்தார்கள். இந்த விளக்கம் முழுமையானது என்று நான் நினைக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்றால் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே மகிழ்ச்சி வர வேண்டும், "பிள்ளைங்க எத்தன பேரு?" என்பதற்கும் தன்னைப்பற்றித்தானே பதில் சொல்கிறோம். தொடர்கேள்விக்கு மட்டும் ஒரு தனி இயல்பு உண்டு. அதை முன்கூட்டி எழுதிவைத்துக்கொண்டு வர முடியாது. "மழ பேஞ்சா?" என்று கேட்டவர் அதற்கு முந்தைய வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதவரால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. பொய்யாகச் செய்ய இயலாத மரியாதை அது. பால் வெட்டிய காலத்தை யாரும் ஒரு பொருட்டாக எண்ணாத நகரத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு எளிதானதை ஏன் செய்யத் தவறுகிறோம் என்பதற்கும் அளவுகள் இருக்கின்றன. 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை அளந்தார்கள். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு உண்டே தவிர எல்லா மொழியிலும் நிலைமை இதுதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை நினைத்துப் பிடித்து வாயில் கொண்டுவரவே மூளைக்கு 600 மில்லிநொடி போல ஆகிறது. அப்படியானால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். பழகியவரிடம் இது தொல்லையில்லை. புதியவரிடம், அடுத்து என்ன கேட்பது என்ற பதற்றம் இருக்கும்போது, கட்டும் வேலையே முழு மனத்தையும் எடுத்துக்கொள்கிறது. காதில் விழுவது மனத்தில் நிற்பதில்லை. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாசிக்கும்போது தனக்கு முன்னால் வாசித்தவர் சொன்னதுதான் ஒருவருக்கு மிகவும் குறைவாக நினைவிருக்கும் என்று மால்கம் பிரென்னர் 1973-இலேயே காட்டினார். அறிமுகத்தில் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கிய அடுத்த நிமிடமே அந்தப் பெயர் மறந்துபோவது இதனால்தான். "லாயாங் லாயாங்" என்ற சொல் விழும்போது கேட்பவர் மனம் "இப்ப எங்க இருக்கீங்க?" என்ற கேள்வியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பதற்றம் குறைய வேண்டுமானால் தயாரிப்பைக் கைவிட வேண்டும்: அடுத்த கேள்வி தன்னிடம் இல்லை, எதிராளியின் பதிலில் இருக்கிறது என்று நம்பிவிட்டால் தேடும் வேலை பாதியாகிவிடுகிறது.

மண்டபமும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. ஒலிபெருக்கியில் பாட்டு ஏற ஏற மக்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விவரித்த விளைவு இது. ஒரு மேசை சத்தமாகப் பேச, அடுத்த மேசை அதைவிடச் சத்தமாகப் பேச, அரைமணி நேரத்தில் மண்டபமே கத்திக்கொண்டிருக்கும். பத்துப் பேர் மேசையில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பேச நினைப்பதும் நடக்காத காரியம். தானாகச் சேர்ந்து பேசும் கூட்டங்களை எண்ணிப் பார்த்த டன்பாரும் அவர் கூட்டாளிகளும் ஓர் உரையாடல் நான்கு பேரைத் தாண்டியதும் இரண்டாக உடைந்துவிடுவதைக் கண்டார்கள். எதிர்ப்பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு இடமும் வலமும் இருப்பவரிடம் திரும்புவதுதான் வழி. கல்யாண வீட்டார் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தால் விருந்தாளிகளுக்கு அதைவிடப் பெரிய உபசரிப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழ வேண்டும். தமிழரிடம் போய்க் கேள்வி கேளுங்கள் என்று சொல்ல வேண்டுமா? கல்யாணம் ஆயிடுச்சா, ஏன் இன்னும் ஆகல, பிள்ளை இல்லையா, சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா என்று கேட்டே இளையவர்களை விருந்துக்கு வராமல் செய்துவிட்டோமே? அதைவிடக் கொடியது ஒன்று உண்டு: "உங்க பூர்வீகம் தமிழ்நாட்டுல எந்த ஊரு?" என்று தொடங்கி ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றிவந்து சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வி. கேட்கப்படுபவருக்கு இரண்டாவது சுற்றிலேயே புரிந்துவிடும். அதன் பிறகு அவர் சொல்வதெல்லாம் தற்காப்புதான். இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட எதிராளி சொன்ன பதிலிலிருந்து பிறந்தது இல்லை. எல்லாம் கேட்பவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த படிவத்தின் கட்டங்கள். குடிநுழைவு அதிகாரி அட்டையை நிரப்புவதுபோல ஒவ்வொன்றாக நிரப்புகிறார். ஹுவாங் குழு பிரித்துக் காட்டிய தாவும் கேள்விகளின் வரிசை இதுதான். தொடர்கேள்வி இதற்கு நேர் எதிர்: எதிராளி தானாக வெளியே வைத்ததை மட்டுமே அது தொடுகிறது. பால் வெட்டியதை அந்த அம்மா தாமே சொன்னார், அதனால் கேட்கலாம். கணவரைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதனால் கேட்கலாகாது. அவர் விரும்பினால் மூன்றாவது நிமிடத்தில் தாமே சொல்வார். சொன்னது எங்கே முடிகிறதோ அங்கே கேள்வியும் நின்றுவிட வேண்டும் என்ற இந்த எல்லை, எந்தெந்தக் கேள்வியைக் கேட்கலாகாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிடப் பாதுகாப்பானது.

இன்னொரு மறுப்பு கூச்ச சுபாவமுள்ளவர்களிடமிருந்து வரும்: எதிராளிக்கு என்னோடு பேச விருப்பம் இல்லாவிட்டால்? நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரிடம் பேசச் சொன்னார்கள், இன்னொரு குழுவைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டிக் கேட்டபோது மக்கள் இதற்கு நேர்மாறாகத்தான் சொன்னார்கள். 2014-இல் வந்த இந்த ஆய்வைப் பிறகு லண்டன் ரயில்களிலும் செய்து பார்த்தார்கள், அங்கும் அதே முடிவு. எரிகா பூத்பி குழு 2018-இல் காட்டியது இன்னும் ஆறுதலானது: புதிதாகப் பேசிய இருவரும், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கல்லூரி விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. பேச்சு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று குமைபவர், எதிராளியும் அதே நேரத்தில் தன்னைப்பற்றி அப்படியே குமைந்துகொண்டிருப்பதை அறிவதில்லை.

சிகாகோவையும் லண்டனையும் வைத்து ஜொகூருக்கு முடிவு சொல்லலாமா என்பது முறையான கேள்வி. பேச்சின் எந்திரம் பொதுவானது. 200 மில்லிநொடி எங்கும் 200 மில்லிநொடிதான். ஆனால் அந்த எந்திரத்துக்குள் ஒவ்வொரு மொழியும் தன் சொந்தப் பாகங்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு முன்னிலைச் சொல். தமிழில் நீ என்பதா நீங்க என்பதா என்று முதல் வாக்கியத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் எதிராளியை அண்ணே, தம்பி, அக்கா, ஆண்ட்டி, ஐயா என்று ஏதாவது ஓர் உறவில் வைக்க வேண்டும். இது சுமைபோலத் தெரியும். உண்மையில் பாதி வேலையை மொழியே முடித்துக்கொடுத்துவிடுகிறது. "ஆண்ட்டி" என்ற சொல் விழுந்ததும் அந்த முப்பது வயதுக்காரர் அந்நியர் நிலையிலிருந்து பிள்ளை நிலைக்கு வந்துவிட்டார். அந்த அம்மாவின் பதிலில் "ப்பா" சேர்ந்துகொண்டது. இன்னும் நுட்பமானது நாம, நாங்க என்ற வேறுபாடு. "நாங்க தோட்டத்துல இருந்தப்ப" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். "நாம தோட்டத்துல இருந்தப்ப" என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிட்டார். நல்ல உரையாடல் ஒன்று எந்த நிமிடத்தில் நாங்க-விலிருந்து நாம-வுக்கு மாறியது என்று ஒலிப்பதிவில் விரல் வைத்துக் காட்ட முடியும். மலாய் மொழிக்கும் காமி, கித்தா என்று இதே வேறுபாடு உண்டு. அதனால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் மலாய் நண்பரிடம் மொழி மாறினாலும் இந்த நுட்பத்தை இழக்க வேண்டியதில்லை. முறுக்கைக் கையில் எடுத்து "இது என்ன?" என்று அவர் கேட்கும்போது பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகராமல், அவர் வீட்டுப் பெருநாள் பலகாரங்களில் இதற்கு ஒப்பானது எது என்று கேட்டால் பேச்சு சமையலறைக்குள் போய்விடும்.

தேய்ந்த கேள்வியில் தொடங்கும் பேச்சு வெறும் மேலோட்டமான அரட்டையாகவே முடிந்துவிடும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மத்தியாஸ் மெல் 2010-இல் மாணவர்கள் 79 பேரின் அன்றாடப் பேச்சைச் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளால் பதிவு செய்து, ஆழ்ந்த பேச்சு கூடுதலாக உள்ளவர்கள் மகிழ்ச்சியாகவும், மேலோட்டமான அரட்டை கூடுதலாக உள்ளவர்கள் குறைந்த மகிழ்ச்சியோடும் இருப்பதாகச் சொன்னார். அரட்டை கெடுதல் என்ற பேச்சு அதிலிருந்துதான் பரவியது. 2018-இல் அவரும் சேர்ந்த பெரிய குழு, கூடுதலான ஆட்களை வைத்து மறுபடி பார்த்தபோது ஆழ்ந்த பேச்சின் நன்மை நிலைத்தது. அரட்டையின் தீமை நிலைக்கவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. எத்தனை மணிக்கு எழும்பணும் என்ற கேள்வி மேலோட்டமானதுதான். அதிலிருந்து மூன்றே படியில், முதன்முதலாகக் கத்தியைப் பிடித்த பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். ஆழத்துக்குத் தனி வாசல் வைக்க வேண்டியதில்லை.

இத்தனை முயற்சி எதற்கு, தெரிந்த நாலு பேரோடு இருந்துவிட்டுப் போகலாமே என்பவர்கள் ஜொகூரின் காலை நேரத்தைப் பார்க்க வேண்டும். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே இன்று நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே போய்வருகிறார்கள். இருட்டோடு கிளம்பி இருட்டில் திரும்பும் குடும்பங்களுக்கு அண்டை வீட்டுக்காரரைத் தெரிந்துகொள்ளவே நேரம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வேலை கிடைக்கும் வழியை ஆராய்ந்து, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்ப்பவர்கள் வழியேதான் புதுச் செய்தி வருகிறது என்று வாதிட்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களை வைத்துச் செய்த ஆய்வும் மிதமான நெருக்கமே வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று கண்டது. எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பள்ளியில் கணிதம் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள், முதியவரை எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்ற செய்தியெல்லாம் ஒரு காலத்தில் லயத்து வாசலிலேயே கிடைத்தது. தாமான்களில் சிதறிவிட்ட சமூகத்துக்கு அந்த வாசல் இப்போது கல்யாண மேசைதான், ஆண்டுக்கு ஐந்தாறு தடவை.

முடிப்பதைப்பற்றியும் ஒரு சொல். ஆடம் மாஸ்ட்ரொயானி குழு 2021-இல் 932 உரையாடல்களை ஆராய்ந்தபோது, இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்தவை ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான். எதிராளி போக விரும்புகிறாரா, இன்னும் பேச விரும்புகிறாரா என்று யாருக்கும் தெரிவதில்லை. இருவரும் மரியாதைக்காக மறைத்துக்கொள்கிறார்கள். விருந்தில் மட்டும் அந்தத் தர்மசங்கடம் குறைவு, ஏனென்றால் முடிப்பதற்கான காரணங்களை மண்டபமே தந்துகொண்டிருக்கிறது: பந்தி, படம் எடுக்கும் அழைப்பு, பேருந்து நேரம். பெண் வீட்டாரைப் படத்துக்கு வரச்சொல்லி மேடையிலிருந்து குரல் வருகிறது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். தமிழில் அந்த நேரத்துக்கு "போறேன்" என்ற சொல் இல்லை. "வரேன்பா" என்று சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, மேடையில் பட்டுப்புடவையில் நிற்கும் மணப்பெண்ணின் அம்மாவைக் கையால் காட்டுகிறார். "அவகிட்ட போயி நெரையப் பத்தி நான் சொன்னேன்னு சொல்லு. சிரிப்பா பாரு."